உறுமுகிற பம்ப், இறங்காத காபி: வாசகர் கேள்வி பதில்

மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் என்று போய்க்கொண்டிருந்த இந்தப் பகுதிக்குக் கொஞ்ச நாளாக வேறொரு சாமானைப் பற்றிக் கடிதங்கள் வருகின்றன. வீட்டு எஸ்பிரெஸோ மெஷின்: வெந்நீரைப் பம்ப் வைத்து அழுத்திக் காபித் தூள் வழியே தள்ளுகிற சாமான். எல்லாக் கடிதத்திலும் குற்றவாளி ஒருவரே: பம்ப். நான் கோவை கணபதியில் ஒரு பட்டறையில் மோனோபிளாக் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைப்பைத் தொடங்கியவன். ஹோட்டல் காபி மெஷின்களுக்கு வந்தது பிற்பாடு. பம்பைக் குறை சொன்னால் சொந்தக்காரனைக் குறை சொன்ன மாதிரி எனக்குச் சுருக்கென்று இருக்கும். அதனால் இந்த இதழை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, மூன்று வருடமாக எங்கள் வீட்டில் எஸ்பிரெஸோ மெஷின் இருக்கிறது. இரண்டு வாரமாக பட்டனை அழுத்தினால் பம்ப் உறுமுகிறது, காபி சொட்டுச் சொட்டாகத்தான் இறங்குகிறது. சில நாள் அதுவும் இல்லை. பால் நுரைக்கும் குழாயில் மட்டும் சுடுதண்ணீர் நன்றாக வருகிறது. சர்வீஸ் ஆள் வந்து பார்த்து, பம்ப் போய்விட்டது, மாற்ற 4,500 ரூபாய் ஆகும் என்றார். போன மாதத்திலிருந்து ஃபில்டருக்கு வாங்கும் தூளையே இதிலும் போடுகிறோம். அதைச் சொன்னதற்கு, தூளுக்கும் பம்புக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டார். மாற்றிவிடட்டுமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: மாற்றாதீர்கள் அம்மா. உங்கள் கடிதத்திலேயே பதில் இரண்டு இடத்தில் இருக்கிறது.

முதலில் அந்தப் பம்ப் என்ன சாமான் என்று சொல்லிவிடுகிறேன். கிணற்று மோட்டார் மாதிரி இதில் எதுவும் சுற்றாது. உள்ளங்கை அளவு இருக்கும். ஒரு செம்புக் காயில், அதன் நடுவே ஒரு குழாய், குழாய்க்குள் முன்னும் பின்னும் ஓடுகிற ஓர் இரும்பு பிஸ்டன், அதைத் தாங்கி ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று வருகிறது. பம்பில் இருக்கும் டயோடு ஒவ்வொரு சுற்றிலும் பாதியை மறித்துவிடும். மீதிப் பாதி வரும்போது காயில் காந்தமாகிப் பிஸ்டனை இழுத்து ஸ்பிரிங்கை அமுக்குகிறது. கரண்ட் விட்ட அந்தக் கணத்தில் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது, தண்ணீர் வெளியே போகிறது. விநாடிக்கு 50 முறை, நிமிடத்துக்கு 3,000 முறை. தெருமுனை அடிபம்பை ஒரு பேய் பிடித்து அடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த உறுமல் இதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, தண்ணீரைத் தள்ளுவது ஸ்பிரிங்தான் என்பது. எதிரே வழி அடைத்திருந்தால் ஸ்பிரிங்கால் ஓரளவுக்கு மேல் தள்ள முடியாது. பிஸ்டன் இருந்த இடத்திலேயே லேசாகத் துடித்துக்கொண்டிருக்கும். பம்ப் ஆரோக்கியமாக இருந்தும் தண்ணீர் வராது. பார்க்கிறவருக்குப் பம்ப் செத்த மாதிரிதான் தெரியும்.

சரி, உங்கள் முதல் தடயம்: நுரைக்கும் குழாயில் சுடுதண்ணீர் நன்றாக வருகிறது. உங்களுடையது போன்ற வீட்டு மெஷினில் அந்தக் குழாய்க்கும் காபிக்கும் ஒரே பம்ப்தான். ஒரு வாசலில் தண்ணீர் கொட்டுகிறது, இன்னொரு வாசலில் வரவில்லை என்றால் தொட்டியைக் குறை சொல்வீர்களா, வாசலைக் குறை சொல்வீர்களா?

இரண்டாவது, அந்தத் தூள். சம்பந்தம் இருக்கிறது. ஈரோட்டில் ஃபில்டருக்கு என்று கேட்டு வாங்கினால் பெரும்பாலும் சிக்கரி கலந்துதான் கொடுப்பார்கள். சிக்கரி ஒரு வேர். வறுத்து அரைத்த அந்தத் தூள் தண்ணீரில் நிறையக் கரையும், மீதி ஊறிக் குழைந்துவிடும். பித்தளை ஃபில்டரில் இது வரம். டிகாக்ஷன் மெதுவாக, கெட்டியாக இறங்குவது அதனால்தான். அங்கே அவசரப்படுத்த யாரும் இல்லை, ராத்திரி போட்டால் காலையில் எடுக்கலாம். எஸ்பிரெஸோவுக்கு 25, 30 விநாடிதான். அதற்குள் சுமார் 9 பார் அழுத்தத்தில் தண்ணீர் அந்தத் தூளை அமுக்கினால், அது களிமண்ணாகி அடைத்துக்கொள்ளும்.

இனி செய்ய வேண்டியது. மெஷின் ஆறியதும் பிளக்கைப் பிடுங்குங்கள். தூள் போட்டு மாட்டுகிற கைப்பிடிக்குள் இருக்கும் சல்லடைக் கிண்ணத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்பக்கம் நூறு ஓட்டை தெரிந்து, அடிப்பக்கம் ஒரே ஒரு ஊசிக்கண் மட்டும் இருந்தால் அது இரட்டைச் சுவர்க் கிண்ணம். வீட்டு மெஷின்களோடு அதிகம் வருவது இதுதான். சிக்கரிப் பசை அந்த ஒற்றைக் கண்ணை அடைத்துவிடும். வெந்நீரில் ஊறவைத்து, மெல்லிய ஊசியால் குத்தி, குழாயடியில் தலைகீழாகப் பிடித்துக் கழுவுங்கள்.

அடுத்து, கைப்பிடி மாட்டுகிற இடத்தை அண்ணாந்து பாருங்கள். அங்கே ஒரு சல்லடைத் தகடு, நடுவில் ஒரு ஸ்க்ரூ. கழற்றினால் பின்னால் தார் மாதிரி கருப்பு இருக்கும். மூன்று வருடம் கழற்றாவிட்டால் கட்டாயம் இருக்கும். பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்துவிடுங்கள்.

அப்புறம் சோதனை. முதலில் கைப்பிடியே மாட்டாமல் தண்ணீரை ஓட விடுங்கள். பிறகு கிண்ணத்தை வெறுமையாக மாட்டி ஓட விடுங்கள். கடைசியாகச் சிக்கரி இல்லாத தூள். எந்தப் படியில் ஓட்டம் நிற்கிறதோ அங்கேதான் அடைப்பு. கைப்பிடி இல்லாமலேயே வரவில்லை, ஆனால் நுரைக்கும் குழாயில் வருகிறது என்றால், நடுவில் உள்ள, கரண்ட் வந்தால் திறக்கும் சொலினாய்டு வால்வில் தூளோ உப்புத் துணுக்கோ உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அப்போதும் பம்ப் குற்றவாளி இல்லை.

சர்வீஸ் ஆளைத் திட்ட எனக்கு வாய் வராது. நானே இதைச் செய்திருக்கிறேன். ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு வீட்டில், உறுமல், தண்ணீர் இல்லை. புதுப் பம்ப் வாங்கி வந்து மாட்டினேன். மறுபடியும் உறுமல், தண்ணீர் இல்லை. வியர்த்துவிட்டது. அந்த வீட்டுப் பாட்டி வந்து, தண்ணீர்த் தொட்டியை ஒரு அழுத்து அழுத்தினார். குபுகுபுவென்று குமிழி விட்டுத் தண்ணீர் இறங்கியது. தொட்டியின் அடியில் ஒரு வால்வு உண்டு, தொட்டி சரியாக உட்கார்ந்தால்தான் அது திறக்கும். "எங்க வீட்டுல எப்பவும் இப்படித்தானுங்க தம்பி" என்றார். பம்புக்கான பணத்தை நான் வாங்கிக்கொள்ளவில்லை. என் பட்டறை முதலாளி சொல்வார், "காதைத் தீட்டிட்டு அப்புறம் ஸ்பேனரைத் தொடு" என்று. அந்த நாளுக்குப் பிறகுதான் நான் அதைச் செய்ய ஆரம்பித்தேன்.

கேள்வி: மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து மெஷினைப் போட்டால் டர்ர்ரென்று பயங்கரச் சத்தம், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எதிலும் வரவில்லை, நுரைக் குழாயிலும் இல்லை. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம்.
– வாசகர், வேளச்சேரி

பதில்: உங்கள் கேஸ் வேறு. ஈரோட்டு அம்மாவுக்கு உறுமல், உங்களுக்கு டர்ர். இந்த வித்தியாசம்தான் முக்கியம். பம்புக்கு எதிரே தண்ணீரின் எதிர்ப்பு இருந்தால் சத்தம் அடங்கி, கனத்து, தொண்டைக்குள் பேசுகிற மாதிரி இருக்கும். தகரத்தில் குண்டு உருட்டுகிற மாதிரி வறட்டுச் சத்தம் போட்டால் உள்ளே காற்று. மூன்று வாரத்தில் குழாய்த் தண்ணீர் வடிந்து, காற்று புகுந்துவிட்டது. கிணற்று மோட்டாருக்கு ஃபுட் வால்வு ஒழுகினால் ஏர் பிடிக்குமே, அதேதான்.

தொட்டியை விளிம்பு வரை நிரப்புங்கள். நுரைக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, சுடுதண்ணீர் பட்டனைப் போடுங்கள். கைப்பிடி வழியாக முயலாதீர்கள், அந்தப் பக்கம் போகிற வழியில் ஸ்பிரிங் வைத்த வால்வு இருக்கும், காற்றால் அதைத் தள்ள முடியாது. 15 விநாடி ஓட்டுங்கள், அரை நிமிடம் நிறுத்துங்கள். நான்கைந்து தடவை. வறட்டுச் சத்தம் திடீரென்று கனத்தால் தண்ணீர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். விடாமல் ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். தண்ணீர்தான் இந்தப் பம்பைக் குளிர வைக்கிறது. இந்த ரகப் பம்புகளின் லேபிளில் இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் ஓய்வு என்கிற கணக்கைப் பார்க்கலாம். அது தண்ணீர் ஓடும்போது. வறட்டு ஓட்டத்துக்கு அவ்வளவு சலுகை கிடையாது.

அப்படியும் பிடிக்கவில்லையா? மெடிக்கல் ஷாப்பில் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி, ஊசியை எடுத்துவிட்டு, தொட்டி உட்காரும் ஓட்டையில் வைத்துத் தண்ணீரை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். சரியாக உட்கார, சிரிஞ்ச் முனையில் சின்ன ரப்பர் டியூப் துண்டு ஒன்றைச் சொருகிக்கொள்ளலாம். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு இதிலேயே பிடித்துவிடும்.

மீதி இரண்டுக்குக் காரணம் உங்கள் போர் தண்ணீர். பம்புக்குள் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் சின்ன வால்வுகள் இருக்கின்றன. உப்புத் துணுக்கு ஒன்று அங்கே மாட்டினால் பிஸ்டன் முன்னே தள்ளிய தண்ணீரே பின்னால் வரும். வேலை நடக்கும், பலன் இருக்காது. 20 கிராம் சிட்ரிக் ஆசிட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, 15 நிமிடம் நிறுத்தி, மறுபடி ஓட்டுங்கள். லிட்டர் தீர்ந்ததும் இரண்டு தொட்டி நல்ல தண்ணீர். உங்கள் மெஷினின் பாய்லர் அலுமினியம் என்றால் ஆசிட்டை ஊற வைக்காதீர்கள், ஓட்டி உடனே கழுவிவிடுங்கள். வினிகர் ஊற்றச் சொல்லிச் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஊற்றினால் ஒரு வாரத்துக்கு ஊறுகாய் வாசனையில் காபி குடிக்க வேண்டியிருக்கும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டு மெஷினைத் திறந்தால் உள்ளே பளிச்சென்று இருக்கும். அதே தெருவில் போர் போட்ட வீட்டு மெஷினுக்குள் முட்டை ஓடு மாதிரி வெள்ளைப் படிவம். பம்ப் ஒன்றுதான், வயதும் ஒன்றுதான். நீங்கள் ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறுங்கள். டி.டி.எஸ். மீட்டர் 10, 15 என்று காட்டுகிற அளவுக்கு ஆர்.ஓ. மெஷினைத் திருகி வைத்திருந்தால், கொஞ்சம் ஏற்றச் சொல்லுங்கள். காபிக்கு 75 முதல் 250 வரை சரி என்று உலகக் காபிக்காரர்கள் வகுத்திருக்கிறார்கள். ஆனால் மீட்டர் உப்பு எவ்வளவு என்றுதான் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதை அது தனியாகப் பிரித்துக் காட்டாது. வெந்நீர் கெட்டிலின் அடியைப் பாருங்கள், அது மீட்டரை விட உண்மை பேசும்.

கேள்வி: என்னிடம் இருப்பது 15 பார். கடையில் 20 பார் மெஷின் காட்டுகிறார்கள். மாற்றினால் காபி நன்றாக இருக்குமா?
– வாசகர், திருச்சி

பதில்: இருக்காது. வழி முழுக்க அடைத்தால் பம்ப் எவ்வளவு தூரம் முட்டிப் பார்க்கும் என்பதுதான் அந்த எண். காபிக்குத் தேவை 9 பார் அளவு. இத்தாலியில் மிலான்காரர் அக்கிலே காஜ்ஜியா, போருக்குப் பிறகு 1940களின் கடைசியில் கொண்டுவந்த நெம்புகோல் மெஷினில் மின்சாரப் பம்பே கிடையாது. கையால் நெம்புகோலை இழுத்தால் ஸ்பிரிங் அமுங்கும், அந்த ஸ்பிரிங் தண்ணீரைத் தூள் வழியே தள்ளும். மேலே படிகிற பொன்னிற நுரை அப்போது வந்ததுதான். 1961இல் ஃபாயேமா கம்பெனியின் இ61 மெஷினில் கையின் வேலையை மோட்டார்ப் பம்ப் எடுத்துக்கொண்டது. பெயரில் இருக்கிற 'இ' கிரகணத்துக்கான இத்தாலியச் சொல்லின் முதல் எழுத்து. அந்த வருடம் பிப்ரவரியில் அங்கே முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. கிரகணத்தன்று சாப்பிடாமல் இருக்கிற நாம் எங்கே, மெஷினுக்கு அந்தப் பெயரை வைக்கிறவர்கள் எங்கே!

20 பாருக்குத் தர நினைத்த பணத்தில் நல்ல கிரைண்டர் வாங்குங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன் வரும்போது எஸ்பிரெஸோ மெஷின் கொண்டுவந்தான். 120 வோல்ட் என்பதால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி ஓட்டுகிறோம். பம்ப் சோர்ந்து சத்தம் போடுகிறது. இரண்டு கப்புக்குப் பிறகு நின்றுவிடுகிறது, அரைமணி கழித்துத் தானாக வருகிறது. டிரான்ஸ்ஃபார்மரும் கொதிக்கிறது.
– ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: டீச்சர், டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டும்தான் குறைக்கும். அங்கே மின்சாரம் விநாடிக்கு 60 சுற்று, இங்கே 50. அதை அதனால் மாற்ற முடியாது. முன்னே சொன்னேனே, ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அடி என்று. அமெரிக்காவில் நிமிடத்துக்கு 3,600 அடி அடித்த பம்ப் கும்பகோணத்தில் 3,000தான் அடிக்கும். ஆறில் ஒரு பங்கு வேலை குறைவு. அதுகூடப் பரவாயில்லை. 60க்குக் கட்டிய காயில் 50இல் அதிக கரண்ட் இழுக்கும், அதிகம் சூடாகும். பம்பின் மேல் ஒட்டியிருக்கும் சூட்டுக் கட்-அவுட் கரண்ட்டைத் துண்டித்துவிடுகிறது. ஆறினதும் ஒட்டிக்கொள்கிறது. உங்கள் பம்ப் கெடவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

டிரான்ஸ்ஃபார்மரின் லேபிளையும் பாருங்கள். மெஷினில் தண்ணீர் சுட வைக்கும் காயிலே 1,300, 1,400 வாட் இழுக்கும். 1,500 என்று எழுதிய டிரான்ஸ்ஃபார்மர் போதும் என்று கடையில் கொடுத்திருப்பார்கள். தொடர்ந்து ஓட 2,000க்குக் குறையக் கூடாது. கையை வைக்க முடியாத சூடு என்றால் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

பம்பை மட்டும் நம் ஊர்ப் பம்பாக மாற்றலாமா என்று கேட்பீர்கள். பம்பை மாற்றினால் ஹீட்டர், சொலினாய்டு, உள்ளே இருக்கும் போர்டு எல்லாம் 120ஆகவே இருக்கும். இரண்டு விதமான வோல்ட் ஓடுகிற பெட்டியை வீட்டில் வைத்துக்கொள்ள நான் சொல்ல மாட்டேன். காலையில் ஒரு கப், ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு கப் என்று ஓட்டினால் பல வருடம் ஓடும். விருந்தாளி வந்தால் பித்தளை ஃபில்டர். கும்பகோணத்தில் அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அப்புறம், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராகச் சொருகிவிடாதபடி அந்த பிளக்கில் சிவப்பு டேப் ஒன்று சுற்றி வையுங்கள். மகன் கொண்டுவந்த பாசம் ஒரே விநாடியில் புகையாகிவிடும்.

கேள்வி: கோப்பி மெஷினில் பம்ப் சத்தமே இல்லை. சூடாகிறது, விளக்கு எரிகிறது. மல்ட்டிமீட்டரால் பம்பின் இரண்டு முனையிலும் பார்த்தேன், ஓம்ஸ் எதுவும் காட்டவில்லை. காயில் எரிந்துவிட்டதுதானே?
– வாசகர், வெள்ளவத்தை, கொழும்பு

பதில்: அவசரப்படாதீர்கள். உள்ளே டயோடு இருக்கிறதல்லவா, அது மீட்டரின் சின்ன பேட்டரியை மறித்துவிடும். நல்ல பம்பே ஓம்ஸில் வெட்டுப்பட்ட ஒயர் மாதிரி காட்டும். இதை நம்பி எத்தனை நல்ல பம்புகள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கின்றனவோ. டயோடு சோதிக்கும் நிலையில் மீட்டரை வைத்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு பக்கமாவது ஏதாவது காட்டினால் காயிலுக்கு உயிர் இருக்கிறது.

அதற்கு முன் நான் பார்ப்பது மூன்று இடம். பம்பின் முனைகளில் சொருகியிருக்கும் ஒயர்: நிமிடத்துக்கு 3,000 உதறல், தளர்ந்து கழன்றிருக்கும். சூட்டுக் கட்-அவுட்: பம்போடு ஒட்டிய பொத்தான் போன்ற சாமான், அதைத் தனியாக மீட்டரில் வைத்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். அப்புறம் தொட்டியின் காந்த மிதவை: சில மெஷின்களில் தண்ணீர் இருப்பதை அதுதான் சொல்லும். அது பாசி பிடித்து அடியில் ஒட்டிக்கொண்டால், தொட்டி நிறைய இருந்தும் மெஷின் தண்ணீர் இல்லை என்று நினைத்துப் பம்பை ஓட்டாது. விரலால் தட்டிவிட்டால் போதும்.

மூன்றும் சரி என்றால், பட்டன் போட்டிருக்கும்போது பம்பின் முனைக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒரே பெட்டியில் இருக்கும் இடம் அது, எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். வந்தும் பம்ப் அசையவில்லை என்றால் எரிந்துதான் போயிருக்கிறது. வரவில்லை என்றால் கோளாறு ஸ்விட்சிலோ போர்டிலோ.

கேள்வி: கல்யாண வீடுகளில் எஸ்பிரெஸோ காபி போடுகிறார்களே, அந்த மெஷினில் பம்ப் கெட்டு நான் பார்த்ததே இல்லை. வீட்டு மெஷின் மட்டும் ஏன் இவ்வளவு நோஞ்சான்?
– வாசகர், காரைக்குடி

பதில்: இல்லாத பம்ப் எப்படிக் கெடும்? அது ஆவி பாய்லர். பால், சர்க்கரை, இன்ஸ்டன்ட் தூள் மூன்றையும் ஜக்கில் வைத்து ஆவி அடித்து, மேலே சாக்லேட் பொடி தூவித் தருகிறார்கள். பெயர் மட்டும்தான் இத்தாலி. ஐஸ்கிரீம் ஸ்டாலுக்குப் பக்கத்தில் நின்று நானும் இரண்டு வாங்கிக் குடிப்பேன், அது வேறு.

கேள்வி: ஆறு வருட மெஷின், அழுத்த மீட்டர் வைத்தது. காலையில் முதல் கப்புக்கு 9 காட்டுகிறது. மூன்றாவது கப்புக்குள் 5க்கு வந்துவிடுகிறது, காபி வெளிறி இறங்குகிறது. தூளை மாற்றிப் பார்த்தேன், உப்பும் எடுத்தாயிற்று. மெஷின் அடியில் ஈரமும் தெரிகிறது. பம்பைத் திட்டலாமா, இன்னும் பொறுக்க வேண்டுமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: இந்த இதழில் முதல்முறையாக, திட்டலாம். ஆனால் இன்னும் ஒரே ஒரு சோதனை. ஓட்டையே இல்லாத கிண்ணம் ஒன்று மெஷினோடு வந்திருக்கும், அதை மாட்டி பம்பை ஓட்டுங்கள். தண்ணீர் எங்கும் போக முடியாது, முள் ஏறி நிற்க வேண்டும். அப்போது தொட்டிக்குள் எட்டிப் பாருங்கள். அழுத்தம் அதிகமானால் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும் வால்வு ஒன்று பல மெஷின்களில் உண்டு, அதிலிருந்து வருகிற மெல்லிய குழாய் தொட்டிக்குள் இறங்கியிருக்கும். முள் 5இல் நிற்கும்போதே அந்தக் குழாய் பீய்ச்சினால் வால்வுதான் ஒழுகுகிறது, பம்ப் தப்பியது. அங்கே ஒரு சொட்டும் இல்லை, முள்ளும் ஏறவில்லை என்றால் பம்ப் முடிந்தது. குளிர்ந்திருக்கையில் ஓடி, சூடானதும் தளர்வது தேய்ந்த பம்பின் குணம்.

ஈரத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். சில பம்புகளின் வெளிவாய் பிளாஸ்டிக், மரை இருக்கும் இடத்தில் மயிரிழை விரிசல் விடும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பல கம்பெனி மெஷின்களுக்கும் உள்ளே இருப்பது இத்தாலியின் உல்கா பம்ப்தான். வெளிப்பெட்டிதான் வேறு வேறு. பழைய பம்பின் லேபிளைப் போட்டோ எடுத்து, அதே எழுத்து, அதே 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ், அதே வாட் பார்த்து வாங்குங்கள். அதில் இ.பி.5 என்று இருந்தால், பித்தளை வாய் வைத்த இ.எக்ஸ்.5ஐயும் மாட்டலாம். நானாக இருந்தால் அதைத்தான் வாங்குவேன். கழற்றுவதற்கு முன் ஒயர் போகும் வழியையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் ராத்திரியே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், பாய்லர் நன்றாக ஆற வேண்டும்.

மூன்று தவறு எல்லாரும் செய்வது. மரையில் டெஃப்லான் டேப்பை நுனி வரை சுற்றுவது: நுனியில் பிய்ந்த நூல் தண்ணீரோடு போய் வால்வில் உட்காரும், மறுபடி முதல் கேள்விக்கு வந்துவிடுவீர்கள். முதல் இரண்டு மரையை விட்டுச் சுற்றுங்கள். இரண்டாவது, பம்பைத் தாங்கும் ரப்பர்கள் இறுகிப்போயிருந்தும் அதையே மறுபடி மாட்டுவது: பம்ப் தகரத்தைத் தொட்டால் வீடே அதிரும், புதுப் பம்பும் கெட்டது என்று நினைப்பீர்கள். மூன்றாவது, பம்புக்கு இடம் பண்ண எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு, மாட்ட மறப்பது. பச்சை ஒயரைக் கையால் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

மூடியை உடனே மாட்டாதீர்கள். பம்புக்கு அடியில் இரண்டு டிஷ்யூ பேப்பரை விரித்து, பிளக்கைச் சொருகி, கையை உள்ளே விடாமல் நுரைக் குழாய் வழியாகக் காற்றை எடுத்து, ஒரு தொட்டித் தண்ணீர் ஓட்டுங்கள். பிறகு அந்த ஓட்டையில்லாக் கிண்ணத்தை மாட்டி இரண்டு தடவை அழுத்தம் ஏற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிஷ்யூவைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மூடியை மாட்டலாம்.